இருபத்திரண்டாவது கேள்வி

படிவத்தில் மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். முதல் இருபத்தொன்றுக்கு 'ஆம்' என்று போட்டு, விபத்து ஏதும் நடந்ததா என்ற கடைசி ஒன்றுக்கு மட்டும் 'இல்லை' என்று போட்டால் வேலை முடிந்தது. கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் திரும்பி வந்ததும் அவர்களை உட்கார வைத்து, போன இடத்தில் பாதுகாப்பு எப்படி இருந்தது, உடம்புக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும் என்று உத்தரவு. போட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போட்டிருப்பார்கள். காகிதம் சென்னையில் கிளம்பிக் காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் அந்த நல்லெண்ணம் வழியில் எங்கேயோ இறங்கிக்கொள்கிறது. போன வருஷம் சுகாசினி ஒன்பது பிள்ளைகளின் படிவத்தையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள்.

சுகாசினி அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு நெசவுப் பிரிவுக்குத் தொகுப்பூதிய ஆசிரியை. ஒன்பது வருஷமாகத் தொகுப்பூதியம்தான். அப்பா முனிசாமி கூலிக்குத் தறி நெய்தவர். தறிக்குழியில் விளையாடி வளர்ந்தவள் என்பதால் புத்தகத்தில் இல்லாததையும் சொல்லித் தருவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, மத்தியானம். மூன்று நாளாக மழை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் பாதித் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி, நெசவு நின்று போயிருந்தது. பதினோரு பெண்கள் ஈரத் துணி வாசனையோடு மூன்று பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருக்கும் ஒரு நூல் கம்பெனியில் பத்து நாள் பயிற்சி முடித்து வந்தவர்கள்.

"ஷூ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க மிஸ்."

"தலைக்குத் தொப்பி?"

"குடுத்தாங்க மிஸ்."

"நெருப்பு கிருப்பு வந்தா ஓடுற வழி எதுன்னு காட்டினாங்களா?"

"காட்டினாங்க மிஸ்."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பதினோரு குரலும் ஒன்றாக வந்தது. அதுதான் சுகாசினிக்கு முதலில் உறுத்தியது. வாயை மூடச் சொன்னால் மூடாத கும்பல் அது. போன வருஷப் பிள்ளைகள் கேன்டீன் சாம்பாரைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்கள். இந்த வருஷம் ஒருத்தியும் கேன்டீன் பேச்சை எடுக்கவில்லை.

ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, கருத்தை அவரவர் கையெழுத்தில் எழுதச் சொன்னாள். நடு பெஞ்சில் திரிஷா இரண்டு தாளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினாள்.

"இன்னாடி ரெண்டு தாளு?"

"ஒண்ணு ஜீனத்துக்கு மிஸ்."

"ஏன், அவளுக்கு இன்னா கை இல்லியா?"

வகுப்பில் எப்போதும் பேசுகிற கேலிதான். ஆனால் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்ச் ஓரத்தில் இருந்த ஜீனத் தலையைக் குனிந்துகொண்டாள். காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்திருந்தவள் அன்றைக்குத்தான் பள்ளிக்கு வந்திருந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

சுகாசினி பக்கத்தில் போய்த் துப்பட்டாவை விலக்கினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டுக்குள் இருந்தன. கட்டுக்கு மேலே தெரிந்த நுனிகள் வீங்கி, ஊதா நிறமாக இருந்தன.

"இன்னாம்மா இது?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு மிஸ்."

"மடக்கு பாக்கலாம்."

ஜீனத் மடக்கினாள். மற்ற விரல்கள் மடங்கின. அந்த இரண்டும் மட்டும் அப்படியே நின்றன.

"எந்தக் கதவு? எப்போ?"

"வூட்டுக் கதவு மிஸ்."

"பொய்யி மிஸ்," என்று திரிஷா எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடுடி. எனக்கு ராத்திரியில தூக்கமே வர்ல. மிஸ், எட்டாவது நாளு, சாப்ட்டு வந்த ஒடனே ஆச்சு. வேடிக்கதான் பாக்கணும்னு மொதல்ல சொன்னாங்க. அப்பால ஆளு வர்லன்னு எங்களயே ஆளுக்கு ஒரு மெஷினாண்ட நிக்க வச்சிட்டாங்க. நூல் முறுக்குற மெஷினு. நூலு அறுந்துச்சு. மூடியத் தொறந்தா மெஷின் தானா நின்னுடணும், அதுக்கு ஒரு சுவிட்சு கீது. அந்த சுவிட்ச அமுக்கி டேப்பு ஒட்டி வச்சிருந்தாங்க மிஸ். மெஷின் நிக்கல. இவ கை உள்ள பூட்ச்சு."

"டேப்பு எதுக்கு?"

"சும்மா சும்மா நின்னா உற்பத்தி கொறையுதாம். எல்லா மெஷின்லயும் ஒட்டிதான் கீது."

சுகாசினி ஜீனத்தைப் பார்த்தாள். "ஓடிக்கினு இருக்கிற மெஷின்ல ஏன்டி கைய வுட்ட?"

"நா வுடல மிஸ். அதுவா போச்சு," என்றாள் ஜீனத். "வூட்ல ராட்டையில தார்க்குச்சிக்கு நூலு சுத்தறப்போ நூலு அறுந்தா நாங்க நிறுத்தமாட்டோம். நிறுத்துனா எங்க அம்மி திட்டும். சக்கரம் சுத்தறப்பவே புடிச்சி, ரெண்டு மொனையும் முறுக்கி வுட்டுருவோம். அந்த மாதிரியே போயிட்ச்சு." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்களும் சொன்னீங்களே மிஸ். மெஷினும் ராட்டை மாதிரிதான், உங்க கைக்குத் தெரியாத நூலா, கை தானா போவும்னு."

சுகாசினி சொல்லியிருந்தாள். பயிற்சிக்கு முந்தின நாள், கம்பெனி என்றதும் மிரண்டு நின்ற பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னது. அன்றைக்கு ஒரு மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு எடுத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ராட்டையில் அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடிக்கிற பெண்ணைத்தான் இந்த ஊரில் கெட்டிக்காரி என்பார்கள். வகுப்பில் ஜீனத்தின் கை வேகத்தை எழுந்து நிற்க வைத்துப் பாராட்டியவளும் இவள்தான்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? பன்னெண்டு நாளா ஒருத்தி கூடவா சொல்ல முடியாது?"

திரிஷாதான் மறுபடி பேசினாள்.

"கமல் சார்தான் மிஸ் அங்க சேஃப்டி. காலையில மெஷின் மெஷினா பாத்து டிக் போடுவாரு. ஒங்க வூட்டு சாராச்சே. ஒங்களுக்குக் கஷ்டம் ஆயிடுமேன்னுதான் யாரும் சொல்ல வேணாம்னு பேசிக்கினோம்."

பதினேழு வயசுப் பிள்ளைகள் கூடிப் பேசித் தன்னைக் காப்பாற்ற முடிவெடுத்திருக்கிறார்கள் என்பது சுகாசினிக்குத் தாங்கவில்லை. படிவங்களை வாங்கி அடுக்கிக்கொண்டு, மீதியைத் திங்கட்கிழமை பேசலாம் என்று வெளியே வந்துவிட்டாள்.

தலைமையாசிரியர் இளங்கோவன் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறவர். முழுசாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கம்பெனி ஒண்ணுதாம்மா நம்ம பிள்ளைங்கள எடுக்குது. நாலு கம்பெனி வாசல்ல நின்னு கெஞ்சி வாங்கின இடம். போன வருஷம் போனதுல நாலு பேரு அங்கயே வேலைக்குச் சேந்திருக்காங்க. நீ விபத்துன்னு எழுதினா அடுத்த வருஷம் கேட்டுக்குள்ள விடுவாங்களா?"

"எழுதலேன்னா சார்?"

"நான் எழுதாதேன்னு சொல்லல. யோசிச்சு எழுதுன்னு சொல்றேன். உன் வீட்டுக்காரரும் அதுல இருக்காரு. திங்கக்கிழமைதான கடைசி நாளு."

செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட் நனைந்திருந்தது. சுகாசினி நின்றுகொண்டே வந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கமல் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. உடம்பு சரியில்லை என்றான். இவளும் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் மாமியார் பொன்னியம்மாள் கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். மழைக்குக் கருவாடு இருந்தால் கமல் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவான். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு அவனை முக்கில் இறக்கிவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன், இவள் முகத்தைப் பார்த்ததுமே தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஜீனத் ஸ்கூலுக்கு வந்துச்சா?"

"வந்தா."

"இன்னா சொல்லுச்சு?"

"கதவு இடுக்குன்னு சொன்னா. நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"நா சொல்லல. மேனேஜர் சொன்னாரு. நா பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்." கமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "நாந்தான் சுகா அத ஜீப்புல ஏத்திக்கினு போனேன். பெரிய ஆஸ்பத்திரி போலாம்னு சொன்னேன். போலீஸ் கேஸ் ஆவும், கிளினிக்குக்குப் போன்னாரு. போற வழி பூரா அந்தக் கைய நாந்தான் தூக்கிப் புடிச்சிக்கினு போனேன். அந்தப் பொண்ணு அழவேயில்ல. ரத்தம் என் சட்டை கையில எறங்குது, அது 'சார், மிஸ்ஸு கிட்ட சொல்லாதீங்க, திட்டுவாங்க'ன்னுது."

சுகாசினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "டேப்பு யாரு ஒட்டினது?"

"நா ஒட்டல."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆறு மாசமா தெரியும். எடுக்கணும்னு ரெண்டு வாட்டி சொன்னேன். 'ஒனக்கு சம்பளம் கம்பெனி குடுக்குதா, சுவிட்சு குடுக்குதா'ன்னு எல்லாரு எதிர்லயும் கேட்டாரு. அப்பால சொல்லல. தினம் காலையில மெஷினாண்ட போவேன், மூடி, சுவிட்சு எல்லாம் ஓகேன்னு டிக் போடுவேன். முப்பத்தாறு மெஷினு, முப்பத்தாறு டிக்கு."

"அந்தப் புள்ளைங்க வந்தப்பவுமா?"

"அப்பவும்தான்."

பொன்னியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓரிக்கையில் அடுத்தவர் நிலத்தில் நாற்பது வருஷம் குனிந்து நின்றவள். ஒரே பிள்ளை கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறவள்.

"இன்னாம்மா எழுதப் போற?" என்றாள்.

"அதுதான் அத்த தெர்ல."

"இவன் அப்பா கரும்பாலையில காலு நசுங்கி வந்தாரே, யாரு எழுதினாங்க? ஆலக்காரன் ஒரு மூட்ட நெல்லக் குடுத்துட்டுப் போனான். நொண்டிக்கினே பன்னெண்டு வருசம் இருந்துட்டுப் போயிட்டாரு. அதப் பாத்துட்டுதான் இவன் சேஃப்டி படிக்கிறேன்னு போனான். இப்ப நீ எழுதினா இவன்தான் மாட்டிக்குவான், மேனேஜரா மாட்டுவான்? என் புள்ளய மாட்டி வுட்டுடாதம்மா."

"அந்தப் பொண்ணும் ஒருத்தர் பெத்த புள்ளதான அத்த."

"இல்லேன்னு நா சொல்லல. நா என் புள்ளைக்காகத்தான் கேக்க முடியும்."

சுகாசினி கமலிடம் திரும்பினாள்.

"விரல் மடங்கலங்க."

"தெரியும். கவர்மென்ட் டாக்டர் ஒருத்தரு கிட்ட ரகசியமா காட்டச் சொன்னதே நாந்தான். உள்ள நரம்பு அறுந்திருக்குது, கிளினிக்குல மேல மட்டும் தெச்சி வுட்டுட்டான். மூணு வாரத்துக்குள்ள மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணா மடங்க வாய்ப்பு கீது, அப்பால கஷ்டம்னாராம். மேனேஜர் கிட்ட தினம் கேக்கறேன். பெரிய டாக்டரா கம்பெனியே பாக்கும், அவங்கள எங்கயும் போவ வேணாம்னு சொல்லுன்றாரு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிக்கினே கீறாரு."

"பன்னெண்டு நாளு போயிட்ச்சு."

"எண்ணிக்கினுதான் கீறேன்," என்றான் கமல். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு அப்படியே சட்டியில் இருந்தது.

சனிக்கிழமை காலை சுகாசினி ஜீனத் வீட்டுக்குப் போனாள். ஜீனத்தின் அப்பா ஃபக்ருதீன் பட்டுத் தறிக்கு டிசைன் அட்டை குத்துகிறவர். முன்னறை முழுக்க ஓட்டை போட்ட அட்டைகள் கட்டுக் கட்டாகத் தொங்கின. ஈரத்தில் அட்டை நமத்துப் போய் வேலை நின்றிருந்தது. அம்மா ஜுலைகா ஒரு மூலையில் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவளை சுகாசினி உட்காரச் சொன்னாள்.

"டீச்சரம்மா வந்ததே பெரிசு," என்றார் ஃபக்ருதீன். "ஆசிக், போயி சாயா வாங்கியா." பெரிய மகன் குடையை எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குத்தான் அந்தக் கம்பெனியில வேல குடுக்கிறேன்னு சொல்லிக்கீறாங்க. ஒங்க வூட்டுக்காரரு வந்தாரு, பழம் வாங்கிக்கினு. நல்ல மனுசன். உட்காந்து அழுதுட்டாரு. நாந்தான் சமாதானம் சொன்னேன்."

"வேலைய எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயாலதான் சொன்னாங்க. நாம எங்க போயி எழுத்து கேக்கறது?"

"பாய், நான் படிவத்துல நடந்தத எழுதலாம்னு இருக்கிறேன். எழுதினா கம்பெனி இல்லேன்னு சொல்ல முடியாது. வைத்தியம் பாத்துத்தான் ஆவணும்."

ஃபக்ருதீன் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. அல்லா மேல ஆணையா கேட்டுக்கறேன். எழுதிட்டா இவனுக்கு வேல பூடும். போலீஸு அது இதுன்னு வாசலுக்கு வருவாங்க. பொம்பளப் புள்ள. கை ஊனம்னு கவர்மென்ட் தாள்லயே ஏறிட்டா நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?"

"எழுதாம வுட்டா ஊனம் ஆவாதா பாய்?"

அவர் நமத்துப் போன அட்டை ஒன்றை எடுத்து விரலால் நீவினார். ஜுலைகா ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. வலது கை சக்கரத்தை விடவேயில்லை. இடது கை காற்றில் பறந்த நுனியைப் பிடித்தது, கட்டைவிரல் ஒரு முறுக்கு முறுக்கியது, நூல் சேர்ந்து ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜுலைகா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் கண் முழுக்க நீர் நிறைந்திருந்தது.

ஜீனத் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கின தண்ணீரைத் தாண்டும்போதெல்லாம் அடிபட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், எழுதினா ஆபரேஷன் நடக்குமா?"

"நடக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது."

"எழுதலேன்னா?"

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லுவாங்க."

ஜீனத் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எடது கையால எழுதிப் பாக்கறேன் மிஸ். 'அ' கூட வர மாட்டேங்குது. மார்ச்சுல பப்ளிக் எக்ஸாமு. எனக்கு பதிலா வேற ஆளு எழுதறதுக்கும் டாக்டர் பேப்பர் கேப்பாங்களாம், எப்படி அடிபட்டுச்சுன்னு அதுல போடணுமாம். அங்கயும் கதவுன்னு சொல்லணுமா?"

"நீ இன்னா சொல்ற?"

"எழுதிடுங்க மிஸ். ஆனா நானே கைய வுட்டேன்னு எழுதிக்கோங்க. சார் பேரு வேணாம். நீங்க சொன்னதும் வேணாம். முன்னாடியே எச்சரிக்கை பண்ணாங்க, நாந்தான் கேக்கலன்னு போட்டுடுங்க."

"அப்படிப் போட்டா, தப்பு ஒன்னுதுதான்னு கம்பெனி கைய கழுவிக்கும்டி."

"ஓ," என்றாள் ஜீனத். அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. பஸ் வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையிலேயே சுகாசினி பதினோரு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வெள்ளிக்கிழமை எழுதி வாங்கின தாள்களை மேஜை மேல் போட்டாள்.

"இதெல்லாம் வேணாம். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க சொல்லுங்க. மொதல்ல நான் சொல்றேன். பாதுகாப்பு வகுப்பு ஒரு மணி நேரம் எடுக்கணும். நான் அஞ்சு நிமிஷம் எடுத்தேன். அந்த அஞ்சு நிமிஷத்துலயும் தப்பா சொன்னேன். ஓடுற மெஷின்ல கை தானா போவக் கூடாது. அதத்தான் நான் சொல்லியிருக்கணும்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி சொன்னாள்: ஷூ கொடுத்தார்கள், போட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னொருத்தி சொன்னாள்: அவசர வழிக் கதவின் முன்னால் நூல் மூட்டை அடுக்கியிருந்தது. பஞ்சுத் தூசியில் மூன்று பேருக்கு இருமல் வந்தது, ஒருத்திக்கு இன்னமும் விடவில்லை. முதலுதவிப் பெட்டியில் ஒரு கத்தரிக்கோலும் தீர்ந்து போன மருந்துக் குப்பியும் இருந்தன. மத்தியானம் பாத்ரூம் போகக் கேட்டால் ஆள் மாற்ற வரும்வரை நிற்கச் சொன்னார்கள். திறந்துவிட்ட பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சுகாசினி தலை நிமிராமல் எழுதினாள்.

கடைசியாக ஜீனத் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ சொல்லு, நான் எழுதறேன்," என்றாள்.

ஜீனத் சொல்லச் சொல்ல எழுதினாள். மூடியைத் திறந்தது, மெஷின் நிற்காதது, டேப், கிளினிக், கதவு என்று சொல்லச் சொன்னது. நடுவில் ஜீனத் நிறுத்தி, "சார் பேரு வேணாம் மிஸ்," என்றாள் மறுபடி.

"நீ சொல்லல. பாதுகாப்பு அலுவலர் பேருன்னு படிவத்துலயே கேட்டிருக்காங்க. நான் எழுதறேன்," என்றாள் சுகாசினி. கையெழுத்து போடும் இடத்தில் ஜீனத்தின் இடது கட்டைவிரலில் மையைத் தடவி ரேகை வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் கைநாட்டு வைப்பதைப் பார்த்து திரிஷா அழ ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியர் படிவத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. "ஆசிரியர் லாகின்லயே ஏத்தலாமாமே," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜீனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் சுகாசினி ஒவ்வொரு பக்கமாக ஏற்றினாள். அனுப்பிய பிறகு திருத்த முடியாது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அதைப் படித்தாள். அனுப்பினாள். ஒன்பது வருஷத்தில் அவள் படித்துப் பார்த்து அனுப்பிய முதல் படிவம் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கமல் அவளுக்கு முன்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிச் சட்டை இல்லை. பொன்னியம்மாள் தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். இவள் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"சாப்டீங்களா?"

"ஜீனத்த மெட்ராஸுக்கு இட்டுக்கினு போயிட்டாங்க," என்றான் கமல். "சென்னையிலருந்து ஆபீசுக்கு ஃபோன் வந்துச்சாம். ரெண்டரை மணிக்கு ஜீப்பு அவங்க வூட்டு வாசல்ல நின்னுச்சு. நாளைக்கே ஆபரேஷனாம். விரல் மடங்குமா மடங்காதான்னு ஒரு மாசம் கழிச்சித்தான் தெரியுமாம்."

சுகாசினி கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தினி நாளு கெஞ்சினேன், வண்டி வர்ல," என்றான். "நீ எழுதின, மூணு மணி நேரத்துல வந்துட்ச்சு."

"ஒங்கள இன்னா சொன்னாங்க?"

"கழுத்து அட்டையக் கழட்டி வச்சிட்டுப் போன்னாங்க. தினம் ஓகேன்னு கையெழுத்து போட்டவன் நாந்தானாம், விசாரணைக்குக் கூப்டுவாங்களாம்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. தரையைப் பார்த்தபடி கேட்டான்: "மொதல்ல யாரு பேர எழுதின?"

"என் பேர. அஞ்சு நிமிஷம்தான் சொல்லிக் குடுத்தேன்னு."

அவன் தலையாட்டினான்.

"அப்பால?"

"ஒங்க பேரு."

அதற்கும் தலையாட்டினான். தோட்டத்துப் பக்கம் பொன்னியம்மாள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கமல் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"மேனேஜர் பேரு?"

சுகாசினி இருபத்திரண்டு கேள்வியையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"படிவத்துல அவருக்கு எடமே இல்லீங்க," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.